எண்ணெய் கசிந்த வயலில் மண் எடுப்பது எப்படி?

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது நமக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு நாள் நம்ம வயலுக்கும் வந்தால், உரப் பரிந்துரைக்கு மண் எடுக்கிற பழக்கத்தில் எடுத்துவிடாதீர்கள்.

அதற்குப் பல இடத்து மேல்மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டுவோம். எண்ணெய்க்கு மூன்றுமே தப்பு. கலக்கும்போதும் காயும்போதும் பென்சீன் போன்றவை ஆவியாகிவிடும். அறிக்கையில் பாதிப்பு குறைவு என்றே வரும்.

ஆய்வகத்திலேயே கண்ணாடிப் பாட்டில் கேட்டு வாங்குங்கள். இடத்துக்கு இடம் தனித்தனியாக, மேலே ஒன்று, ஆழத்தில் ஒன்று என மண் எடுத்து, வாய்வரை அடைத்து உடனே மூடுங்கள். கசிவு எட்டாத மேட்டு வயலிலும் ஒன்று வேண்டும், ஒப்பிடுவதற்கு.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். அதனால் கிணறு என்றால் மோட்டார் போடுமுன் மேல்தண்ணீரைப் பாருங்கள். போர் என்றால் குழாயில் தேங்கியது வெளியேறும்வரை ஓடவிட்டு, காற்றுக்குமிழ் இல்லாமல் பிடியுங்கள். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஒப்படையுங்கள்.

பேங்கில் கையெழுத்தில்லாத வவுச்சரை நான் பாஸ் பண்ணியதில்லை. பாட்டிலும் அப்படித்தான். இடம், ஆழம், தேதி, நேரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி ஒட்டுங்கள். நஷ்டஈடு கேட்கும்போது நமக்காகப் பேசப்போவது அந்தச் சீட்டுதான்.