"விக்கி, விக்கி!"

யார் வேண்டுமானாலும் எழுதலாம்! யார் வேண்டுமானாலும் அழிக்கலாம்!

பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. தலைநகரம் ஹொனலூலு. அங்குள்ள விமான நிலையத்தில் ஓர் அமெரிக்கர் வந்து இறங்கினார். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகவேண்டும். வழி கேட்டார். "விக்கி விக்கி" பஸ்சில் போகும்படி சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹவாய் மொழியில் "விக்கி" என்றால் வேகம். நம் வீடுகளில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பிள்ளைகளை விரட்டுகிறோமே, அதுதான் "விக்கி விக்கி"! (நமக்கோ விக்கல்தான் நினைவுக்கு வருகிறது!)

அந்த அமெரிக்கரின் பெயர் வார்டு கன்னிங்காம். கம்ப்யூட்டர் நிபுணர். ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்டு நகரில் தொழில் செய்தவர். அன்று கேட்ட சொல்லை அவர் மறக்கவில்லை.

சீட்டு விளையாட்டு

1980-களின் கடைசியில் அவர் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்தார். டெக்ட்ரானிக்ஸ் என்று பெயர். பெரிய கம்பெனி என்றால் ஒரு தொல்லை உண்டு. யாருக்கு என்ன தெரியும் என்பது யாருக்கும் தெரியாது!

1987-ல் ஆப்பிள் கம்பெனி "ஹைப்பர்கார்டு" என்ற ஒன்றை வெளியிட்டது. கம்ப்யூட்டர் திரையில் சீட்டுகள் தோன்றும். கன்னிங்காம் அதை வைத்துச் சோதனை செய்தார். ஆளுக்கு ஒரு சீட்டு. வேலைக்கு ஒரு சீட்டு. யோசனைக்கு ஒரு சீட்டு. ஒரு சீட்டில் உள்ள பெயரைத் தொட்டால், அந்தப் பெயருக்கு உரிய சீட்டு வரும். அப்படி ஒரு சீட்டு இல்லையா? அங்கேயே புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

உடன் வேலை பார்த்தவர்கள் அவர் அறைக்கு வந்தார்கள். "இது இப்படி நடக்கவில்லை" என்று தாங்களே திருத்தி எழுதினார்கள். உட்கார்ந்தவர்களுக்கு எழுந்து போக மனம் வரவில்லை!

ஒரே குறை. எல்லாச் சீட்டுகளும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன.

வாய் திறக்கக் கூடாது!

1994-ல் இல்லினாய் மாநிலத்தில், அல்லர்ட்டன் பூங்கா என்ற இடத்தில் கம்ப்யூட்டர்காரர்கள் கூடினார்கள். வேலையில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களையும், அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் எழுதிவைப்பது அவர்கள் நோக்கம். கொத்தனார் கைப்பக்குவத்தை ஏட்டில் எழுதுவது போல!

கூட்டத்தில் ஒரு வேடிக்கையான விதி இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து அலசுவார்கள். எழுதியவரும் அங்கேதான் இருப்பார். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது! கவிஞர்கள் கூடிப் பயிலும் முறையிலிருந்து எடுத்த விதி இது. நம் எழுத்தாளர்கள் தாங்குவார்களா?

கூட்டம் கலைந்துவிடும். பிறகு எங்கே பேசுவது? இந்த நண்பர்களுக்காகவே கன்னிங்காம் பழைய சீட்டு யோசனையை இணையத்தில் ஏற்றினார். 1995 மார்ச் 25-ந் தேதி அது வெளிவந்தது. சட்டென்று எழுதலாம் என்பதால் "விக்கி" என்று பெயர் வைத்தார்.

ஏதாவது ஒரு பெயருக்குப் பக்கம் இல்லை என்றால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அதைத் தொட்டு, தெரிந்தவர் எழுதலாம். வாசலில் காவல் இல்லை. அனுமதிச் சீட்டு இல்லை. போக்கிரி ஒருவன் புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டால்?

அழித்தவர்களும் உண்டு. ஆனால் யார் எதை மாற்றினாலும், "அண்மை மாற்றங்கள்" என்ற பக்கத்தில் தெரிந்துவிடும். நாலு பேர் பார்த்துச் சரிசெய்வார்கள். தெருவில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் ஆள் இருந்தால் திருடன் என்ன செய்வான்?

இந்தக் கண்டுபிடிப்புக்குக் கன்னிங்காம் காப்புரிமை வாங்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

21 எங்கே, 200 எங்கே!

எடுத்துக்கொண்டவர்களில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர் முக்கியமானவர்கள். அவர்கள் 2000-ல் ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கியிருந்தார்கள். அறிஞர்கள் எழுதவேண்டும், 7 கட்டச் சோதனையில் தேறவேண்டும். முதல் ஆண்டில் தேறியவை 21 கட்டுரைகள்!

2001 ஜனவரி 15-ல் விக்கி முறையில் இன்னொன்று தொடங்கினார்கள். அதுதான் விக்கிப்பீடியா. முதல் மாதத்திலேயே 200 கட்டுரைகள் சேர்ந்தன.

2003-ல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. அறிஞர்கள் எழுதிய தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அது வேறு வகை அருமை. இதிலோ, ஊர்க் கோயிலைப் பற்றி அந்த ஊர்ப் பள்ளி மாணவியும் எழுதலாம்.

முதல் விக்கி என்ன ஆயிற்று? 2014 டிசம்பரில் நாசக்காரர்கள் தொல்லை மிஞ்சியது. படிக்க மட்டும், எழுத முடியாது என்று அதைப் பூட்டிவிட்டார்கள்.

கன்னிங்காம் சும்மா இருக்கவில்லை. 2011-லேயே புதிய சோதனை ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதில் ஆளுக்கு ஒரு விக்கி. அடுத்தவர் பக்கத்தைத் திருத்தவேண்டுமா? ஒரு நகலை உங்கள் இடத்துக்கு எடுத்து வந்து திருத்திக்கொள்ளலாம். அவருடையது அப்படியே இருக்கும். உங்கள் திருத்தம் பிடித்தால், அவர் வந்து எடுத்துப்போவார்.