எஞ்சினின் குருதி

பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு (இயற்பியல்)

மனித உடலுக்குக் குருதி எப்படியோ, அப்படியே எஞ்சினுக்கு ஆயில். உராய்வைக் குறைப்பது, வெப்பத்தைச் சுமந்து செல்வது, கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்வது ஆகிய மூன்று வேலைகளையும் அது ஓயாமல் செய்கிறது. என் தந்தையார் ஒரு டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் உலை கொதிப்பதும், நான் கல்லூரிக்கு வருவதும் அந்த எஞ்சினை நம்பித்தான். எனவே ஆயில் மாற்றும் வேலையை அவரிடமே கற்றுக்கொண்டேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்றை மிகுதியாக அழுத்தும்போது எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் இம்முறையை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். இவ்வகை எரிதலில் புகைக்கரி அதிகம் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி ஆயிலில் கலக்கிறது. புதிய ஆயில் சில நாட்களிலேயே கறுத்துப்போவது இதனால்தான். அது கலப்படமன்று, ஆயில் தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம்.

எந்த ஆயில் ஊற்றுவது? டப்பாவின் மேல் 15டபிள்யூ-40 என்பது போல இருப்பது பிசுக்குமையின் குறியீடு. முன் எண் குளிரிலும், பின் எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டும். 2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் வெளிவந்த டீசல் கார்களின் புகைவழியில் கரி வடிகட்டி உண்டு. அவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. காரோடு தரும் கையேட்டில் உள்ளதே நமக்கு வேதவாக்கு.

இனி வேலைக்கு வருவோம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைக்க வேண்டும். வெதுவெதுப்பான ஆயில் எளிதில் வடியும். கொதிக்கும் ஆயிலோ கையைச் சுட்டுவிடும். சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, காரைத் தூக்கியபின் உறுதியான தாங்கிகளைக் கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவன் உயிரோடு விளையாடுகிறான். அடித்தட்டின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்து, புது வாஷருடன் மாட்டி, பிறகு ஃபில்டரைக் கழற்ற வேண்டும்.

இங்கேதான் நான் தவறினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்காமல் புதியதை அதன்மேல் முறுக்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்ததும் இரு வளையங்களுக்கிடையே ஆயில் பீறிட்டது. தந்தையார் உடனே அணைத்ததால் எஞ்சின் பிழைத்தது. ஆனால் புது ஆயில் மண்ணோடு போயிற்று, அன்றைய சவாரியும் போயிற்று. அவர் திட்டவில்லை. "கண்ணு, கழட்டினதைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் புதுசை மாட்டணும்" என்றார். பழைய வளையம் வந்துவிட்டதா என்று பார்த்து, புது வளையத்தில் சிறிது ஆயில் தடவி, கையாலேயே முறுக்கினால் போதுமானது.

ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓட்டி, சிவப்பு விளக்கு அணைந்ததும் நிறுத்தி, கசிவு பார்த்து, சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு காண வேண்டும். இரு கோடுகளுக்கிடையே நிற்பதே நலம். மிகுதியாக ஊற்றினால் சுழலும் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். அதிகமான ஆயில் காற்றுவழியே உள்ளே புகுந்துவிட்டால், டீசல் எஞ்சின் அதையே எரித்து, சாவியைத் திருப்பினாலும் அடங்காமல் ஓடக்கூடும்!

வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையிலோ வயலிலோ கொட்டலாகாது. நிலத்தடி நீரைக் கெடுக்கும். மூடியிட்ட கேனில் சேர்த்து, கழிவு ஆயில் சேகரிப்போரிடம் கொடுத்தால் அது மறுசுத்திகரிப்புக்குச் செல்லும்.

வகுப்பறையில் உராய்வையும் பிசுக்குமையையும் படிக்கிறோம். அவை காரின் அடியில், கையில் கறையாகும்போதுதான் பாடம் முழுமை பெறுகிறது. நண்பர்களே, கறையைச் சோப்பால் கழுவிவிடலாம், கற்றது நிலைக்கும்.