மையவாடியில் சீமைக் கருவேலம்: வெட்டினால் போதுமா?

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஜனாஸாவோடு போகும்போது காலில் முள் தைக்காத மையவாடி அரிது. அந்த முள் அமெரிக்கக் கண்டத்து மரத்தினுடையது. விறகுக்கும் வேலிக்கும் என்று கொண்டுவரப்பட்டது. கண்மாய், தரிசு எதையும் விடவில்லை. (இதைக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் இருப்பதையும் மறக்க முடியாது.)

நாட்டுக் கருவேலத்தைச் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். அதன் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தது போலிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல்போல் நீண்டிருக்கும்.

ஜமாஅத் ஏலம் விட்டால், எடுத்தவர் விறகோடு போய்விடுவார், அடிக்கட்டை நிற்கும். அதிலிருந்து பல கிளைகள் வெடிக்கும். வேர் தொடங்கும் கழுத்தோடு தோண்டினால்தான் சாகும். காலி நிலத்தில் ஜேசிபி போதும். கப்ருகளுக்கிடையே அதை இறக்க முடியாது, கடப்பாரைதான்.

ஆகவே கன்றிலேயே பிடுங்க வேண்டும். ஆடு மாடு காயைத் தின்றால் விதை சாணத்தோடு வந்து முளைக்கும். மண்ணில் பல ஆண்டு உறங்கவும் செய்யும். ஆடுமாடு நுழையாமல் வேலியை அடையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும், ஈரம் காய்வதற்குள், கன்றுகளை வேரோடு பிடுங்குங்கள். ஒருமுறை பிடுங்கிவிட்டு ஓய முடியாது.

கப்ரின் மேலுள்ள பச்சையைப் பிடுங்கலாமா என்று சில பெரியவர்கள் தயங்குகிறார்கள். பசும்புல்லைப் பிடுங்குவது மக்ரூஹ் என்று ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் சொல்வது உண்மை. ஆனால் கப்ருக்குள் வேர்விட்டு, வருவோரைக் குத்தும் முள்மரத்தை அந்தப் புல்லோடு சேர்ப்பது சரியாகப் படவில்லை. புல் இருக்கட்டும்.

ஓரங்களில் வேம்பும் புங்கனும் வையுங்கள். நல்ல நிழலில் இந்தக் கன்று தேறுவது கடினம்.