கொதிக்கும் சட்டியும் கோவா அச்சாறும்



உங்கள் மகனோ கணவரோ கொரியாவில் தொழில் பார்ப்பவராக இருந்தால், தொலைபேசியை எடுத்ததும் நீங்கள் கேட்கும் முதற் கேள்வி எனக்குத் தெரியும். கொரியர்களும் ஒருவரையொருவர் கண்டால் "சோறு சாப்பிட்டாயா?" என்றுதான் சுகம் விசாரிப்பார்கள். நம்மைப் போலச் சோற்றை நம்பி வாழும் மக்கள். அந்தச் சோற்றுக்குப் பக்கத்தில் என்ன வைக்கிறார்கள் என்பதில்தான் நம் பிள்ளைகளுக்குச் சங்கடம்.

2004ஆம் ஆண்டு இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின்னர் நம் நாட்டு இளைஞர் பலர் அங்கு தொழிலுக்குச் செல்கின்றனர். என் ராத்தாவின் மகனும் அப்படிப் போனவன்தான். போன புதிதில் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள ஒரு சிறு சாப்பாட்டுக் கடையில், கொதிக்கக் கொதிக்க வந்த சிவப்புக் குழம்பைக் கண்டு நம் ஊர் மீன் ஆணம் போல இருக்கிறதே என்று மகிழ்ந்திருக்கிறான். நல்ல வேளை, கரண்டியை வைக்குமுன் பக்கத்திலிருந்த நண்பன் தடுத்துவிட்டான். கிம்ச்சி என்னும் கோவா அச்சாற்றில் காய்ச்சும் அந்தக் குழம்புக்குப் பெரும்பாலும் பன்றி இறைச்சியே போடுவார்கள். 'தொய்ஜி கோகி' என்றால் பன்றி இறைச்சி. அங்கு போகும் பிள்ளைக்கு முதலில் இந்தச் சொல்லைப் பாடமாக்கிக் கொடுங்கள்.

அன்றிலிருந்து சில நாட்கள் வெறுஞ்சோறும் வாட்டிய கடற்பாசித் தாளும்தான் அவன் உணவு. கடைக்கார அம்மா இதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் அவன் கேட்காமலே வேறொரு சிறு சட்டியில், நெத்தலி அவித்த சாற்றில் சோயாக் கட்டியும் பூசணிப் பிஞ்சும் போட்டு, தன் கையால் ஊறவைத்த சோயா அவரை விழுதைக் கரைத்துக் கொடுத்தாராம். அந்த விழுதுக்கு ஒரு வாடை உண்டு. மாசியும் கருவாடும் புழங்கும் நம் குசினிக்காரிகள் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பாஷை தெரியாத அந்தப் பெண்மணி அவனைக் கண்டதும் தனிச் சட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாராம். இதை அவன் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அண்மையில் சியோல் நகருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தபோது, "மாமா, உங்களைக் கொரியச் சாப்பாடு தின்ன வைக்காமல் அனுப்ப மாட்டேன்" என்று இத்தேவொன் பகுதிக்கு அழைத்துச் சென்றான். 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் அங்கே ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஜும்ஆ முடிந்து இறங்கினால் தெருவெல்லாம் ஹலால் கடைகள். துருக்கி, பாகிஸ்தான் உணவுகளுக்கிடையே கொரிய உணவையே ஹலாலாகச் சமைக்கும் கடையும் உண்டு. நாலைந்து மேசைகள், சுவரில் படத்துடன் உணவுப் பட்டியல், ஆடம்பரம் ஒன்றுமில்லை.

உட்கார்ந்ததும் கேளாமலே சின்னச் சின்னத் தட்டுகள் வந்தன. கிம்ச்சி, முளைப்பயறு, கீரை, முள்ளங்கி. இவற்றுக்குத் தனிக் காசில்லை; முடிந்தால் மீண்டும் தருவார்கள். கிம்ச்சியில் உப்பிட்ட சிறு இறாலோ மீன் சாறோ சேர்ப்பது வழக்கம், அதில் நமக்குத் தடையில்லை. கடைகளில் விற்கும் மிளகாய் விழுதில்தான் கவனம் வேண்டும். கெடாதிருக்க 'ஜுஜொங்' எனப்படும் மதுசாரத்தைப் பலர் சேர்க்கிறார்கள். லேபிளை வாசிக்கத் தெரியாவிட்டால் வாங்காதே என்று மருமகனுக்குச் சொன்னேன். அவன் என்னை விட நன்றாகவே வாசிக்கிறான்.

பிறகு எனக்கு வந்தது சம்கியேதங். முழுக் கோழிக் குஞ்சொன்றின் வயிற்றுக்குள் பசையரிசி, உள்ளி, இலந்தைப் பழம், ஜின்செங் வேர் எல்லாம் வைத்து அவித்து, மண்சட்டியில் கொதி அடங்காமலே கொண்டு வருகிறார்கள். காரமில்லை, உப்பும் நாமே போட வேண்டும். கோழி கரண்டி பட்டதும் கழன்று, அரிசி சாற்றில் கரைந்து, நம் நோன்புக் கஞ்சியின் தங்கச்சி போலிருந்தது. இதைக் கொளுத்தும் கோடையில்தான் விரும்பிக் குடிப்பார்களாம்! வியர்வை கொட்டக் கொட்டக் குடித்தால் உடல் தெம்பாகும் என்பது அவர்களின் நம்பிக்கை. குளிரில் போன எனக்கும் அது குறை வைக்கவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் நடுவில் வைத்த ஒரே சட்டியிலிருந்து கரண்டியால் எடுத்துக் குடித்தது. பெரியவர் கரண்டியைத் தொட்ட பிறகே பிள்ளைகள் தொட்டார்கள். நம் சஹன் நினைவுக்கு வந்தது.

சகோதரிகளுக்குப் பிடித்த ஒன்றையும் சொல்கிறேன். பிள்ளை பெற்ற தாய்க்கு அங்கே கடற்பாசிச் சூப்தான் பத்தியம். நம் வீடுகளில் சரக்குக் கறி போல. வாரக் கணக்கில் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் ஒவ்வொரு பிறந்த நாளிலும் அதே சூப்பைக் குடிக்கும். பெற்ற வருத்தத்தை நினைவூட்டும் சூப் அது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். பாசி வழுக்குமல்லவா, படித்ததும் வழுக்கிப் போய்விடுமாம்!

அன்றிரவு ராத்தாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் விவரித்தேன். ஹலால் கடை, பள்ளிவாசல், கோழிச் சட்டி எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பி, அந்தத் தனிச் சட்டி வெச்சுக் குடுத்த பொம்புளைக்கு நம்மட வட்டிலப்பம் சரிவருமா? எப்படி அனுப்புற?" என்று கேட்டார்.