வாயில்லா ஜீவன்களும் கோடைக் கொசுக்களும்

கொசு நம்மைக் கடித்தால் நாம் என்ன செய்கிறோம்? பட்டென்று ஓர் அடி கொடுக்கிறோம். இல்லையேல் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். திண்ணைத் தூணில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும் நாய் என்ன செய்யும்? காதை உதறும், மூக்கைக் காலால் தேய்க்கும், எழுந்து இடம் மாறிப் படுக்கும். சங்கிலியின் நீளம் முடிந்ததும் அங்கேயே படுத்துக் கடி வாங்கிக்கொண்டிருக்கும். உண்ணியைக் கண்டால் பதறிப்போய் மருந்து தேடுகிற நாம், வீட்டுப் பிராணிகளைக் கொசு கடிப்பதை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. உடம்பெல்லாம் மயிர் இருக்கிறதே, கொசு எங்கே கடிக்கப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. மூக்கு நுனி, காது மடல், கண்ணோரம், அடிவயிறு ஆகிய இடங்களில் மயிர் குறைவு. கொசுவுக்கு அவ்வளவு இடம் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு நாய்களுக்கோ உடம்பு முழுவதுமே குட்டை மயிர்தான்.

மழைக்காலத்தில்தான் கொசுத் தொல்லை என்பது பொதுவான எண்ணம். ஆனால் தவக்காலம் முடிந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கும் நாட்களில் நம் ஊர்களில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் குழாயில் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. குடம், அண்டா, டிரம், தொட்டி என்று அகப்பட்ட பாத்திரங்களிலெல்லாம் பிடித்து வைக்கிறோம். சாக்கடையிலோ ஓட்டம் நின்று நீர் குழம்பாய்த் தேங்குகிறது. தெளிந்த நீரைத் தேடும் ஈடிஸ் கொசுவுக்கு டிரம். அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடை. இரண்டுக்கும் நாமே தொட்டில் கட்டிக் கொடுக்கிறோம். வெயில் மிகுந்த நாட்களில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறப்பதற்கு 7 முதல் 10 நாட்கள் போதும்.

கொசுவும் ஆண்டவருடைய படைப்புதானே என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்கும் குறும்புக்காரத் தோழியர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்லலாம். ஆண் கொசு யாரையும் கடிப்பதில்லை. பூந்தேனும் செடிகளின் சாறுமே அதற்கு உணவு. பெண் கொசு மட்டுமே, தன் முட்டைகள் வளர்வதற்குத் தேவையான புரதத்துக்காக இரத்தத்தைத் தேடி வருகிறது. நாம் விடும் மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவும், உடம்பின் சூடும் வாடையும் அதற்கு வழிகாட்டிகள். அந்த மூச்சு மனிதனுடையதா, மாட்டுடையதா, கோழியுடையதா என்று பார்ப்பதில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு விருப்பம் உண்டு. பசி வந்தால் அந்த விருப்பமும் பறந்துபோகும்.

கடியும் அரிப்பும் மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நாய்களுக்குக் கொசு கொண்டுவரும் நோய்களுள் மிகக் கொடியது இதயப்புழு நோய். டைரோபைலேரியா இம்மிட்டிஸ் என்பது அந்தப் புழுவின் பெயர். நோயுள்ள நாயின் இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழுக்கள் மிதந்துகொண்டிருக்கும். கொசு அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது அவையும் அதன் உடலுக்குள் போகின்றன. அங்கே சுமார் இரண்டு வாரம் வளர்ந்து, கொசுவின் வாய்ப்பகுதிக்கு வந்து காத்திருக்கின்றன. அந்தக் கொசு அடுத்த நாயைக் கடிக்கும்போது கடிவாயின் வழியே உள்ளே நுழைகின்றன. பிறகு சில மாதம் அமைதியாகப் பயணம் செய்து, நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் குழாய்களையும் இதயத்தின் வலப்பக்கத்தையும் அடைகின்றன. அங்கே வளர்ந்த பெண்புழு நம் பள்ளி அடிக்கோலின் நீளம், அதாவது 30 சென்டிமீட்டர் வரை இருக்கும்! ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயிர் வாழும். நாய் முதலில் இருமும், கொஞ்சம் ஓடினாலே களைத்துப்போகும், பிறகு மெலியும், முற்றினால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கொசு நாய்க்கு நாய் புழுவைக் கொண்டுசெல்கிறது என்பதை இத்தாலிய விஞ்ஞானிகளான கிராஸியும் நோயேயும் 1900ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்கள். இதில் வெப்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு. குளிர் 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கொசுவின் உடலுக்குள் புழுவின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. குளிர் நாடுகளில் நாய்களுக்கு ஆண்டில் சில மாதமாவது ஓய்வு கிடைப்பது இதனால்தான். நம் சமவெளியில் மார்கழிக் குளிரிலும் அந்த ஓய்வுக்கு இடமில்லை. கோடையிலோ புழு விரைந்து வளர்கிறது. இந்தியாவில் இதயப்புழு வடகிழக்கு மாநிலங்களில்தான் அதிகம். அதன் உறவினப் புழு ஒன்று, தோலுக்கு அடியில் வாழ்வது, பக்கத்துக் கேரளத்து நாய்களிடம் காணப்படுகிறது. அது சில வேளைகளில் கொசுவின் மூலம் மனிதருக்கும் வந்து, தோலுக்கு அடியில் கட்டியாகவோ கண்ணின் வெண்படலத்துக்குள் நெளியும் புழுவாகவோ தென்படும். ஆகவே நாயைக் காப்பது வீட்டாரைக் காப்பதும் ஆகும். பூனைக்கும் இதயப்புழு வரக்கூடும். புழுக்கள் சிலவே இருந்தாலும், எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென இறந்துவிடும் பூனைகளும் உண்டு.

இதைத் தடுக்க மருந்து உண்டு என்பது நற்செய்தி. ஜப்பானில் மண்ணிலிருந்து சதோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரைக் கொண்டு வில்லியம் கேம்பெல் குழுவினர் உருவாக்கியது ஐவர்மெக்டின். அதற்காக அவ்விருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மாதம் ஒருமுறை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், உள்ளே நுழைந்த இளம்புழுக்கள் வளருமுன் மடிகின்றன. ஆனால் கடையில் வாங்கி நாமே கொடுப்பது ஆபத்து. முன்பே நோயுள்ள நாய்க்குக் கொடுத்தால், இரத்தத்திலுள்ள குஞ்சுப்புழுக்கள் ஒரே நேரத்தில் மடிந்து நாய் அதிர்ச்சியில் விழக்கூடும். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு இம்மருந்தின் அளவு சற்று மிகுந்தாலும் மூளையைத் தாக்கும். எனவே முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் அளவு.

பறவைகளைப் பற்றி ஒரு சொல். மலேரியாவின் மர்மத்தை உடைத்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனால் கொசு கடித்துத்தான் நோய் பரவுகிறது என்பதை 1898இல் கல்கத்தாவில் அவருக்கு நிரூபித்துக் கொடுத்தவை கூண்டிலிருந்த சிட்டுக்குருவிகள்! பறவை மலேரியா வேறு, மனித மலேரியா வேறு. ஒன்று மற்றவருக்கு வராது. நம் கொல்லைக் கோழிக்கும் மாடப்புறாவுக்கும் கொசு கொண்டுவரும் தொல்லை அம்மை. கொண்டையிலும் கண் இமையிலும் கொப்புளம் கிளம்பி, கண் மூடி, இரை எடுக்க முடியாமல் குஞ்சுகள் சாகின்றன. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. (பச்சைக்கிளிக்கும் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நம் காட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.)

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நமக்கு நன்மை செய்யும் கொசு மருந்து, பிராணிக்கு நஞ்சாகலாம். நாம் கைகால்களில் தடவும் களிம்பை நாய்க்குத் தடவினால், அது நக்கி விழுங்கிவிடும். கற்பூரத் தைலமும் அப்படியே. மண்ணெண்ணெயைத் தடவுவோரும் உண்டு. தோல் வெந்து புண்ணாவதுதான் மிச்சம். நாய்க்கென்று விற்கப்படும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் உண்டு. நாய்க்கு ஏற்ற அம்மருந்தே பூனைக்கு உடல் நடுக்கத்தையும் வலிப்பையும் வரவழைத்து உயிரைப் பறிக்கும். அதனை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நாயும் பூனையும் ஒன்றாய்ப் படுத்துறங்கும் வீடுகளில் இதை மறக்கலாகாது. மீன்தொட்டிக்கும் இவ்வகை மருந்துகள் பகை. நகராட்சிப் புகை வண்டியின் ஓசை கேட்டவுடன் தொட்டியை மூடி, காற்றுக் குமிழி விடும் மோட்டாரை நிறுத்தி, சன்னலைச் சாத்துங்கள். வேப்பிலையும் நொச்சியும் போட்டு மாட்டுக் கொட்டிலில் மூட்டம் போடுவது பழைய வழக்கம். நாற்புறமும் திறந்த கொட்டிலுக்கு அது பொருந்தும். மூடிய கோழிக்கூட்டுக்குள் புகை போட்டால் கொசுவுக்கு முன்னே கோழி மூச்சுத் திணறும்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? தண்ணீர்தான் முதல். நாய் குடிக்கும் கிண்ணத்தையும், மாட்டின் கழனித்தொட்டியையும், பறவைகளுக்கென மாடியில் வைக்கும் மண்சட்டியையும் நாள்தோறும் கொட்டி மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏனெனில் ஈடிஸ் கொசுவின் முட்டை நீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டையும், மாதா கெபியின் முன் வைக்கும் பூச்சாடிகளையும் யாரும் பார்ப்பதில்லை. கொட்ட முடியாத தொட்டியில் கப்பி மீன்களை விடலாம். கொசுப்புழு அவற்றுக்கு விருந்து.

அடுத்தது இடம். கியூலெக்ஸ் இரவில் கடிப்பது. ஆகவே பொழுது சாய்ந்ததும் நாயை அவிழ்த்து உள்ளே விடுங்கள். முடியாவிட்டால் அதன் கூண்டுக்கு நெருக்கமான வலை அடியுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கும் வலிமை கொசுவுக்கு இல்லை. ஒரு சாதாரண மேசை விசிறி எந்தச் சுருளையும்விட மேல். தொட்டியில் துளசியை நட்டுவிட்டுக் கொசு வராது என்றிருப்பது மன ஆறுதலே.

மே மாதம் பாட்டி ஊருக்கோ வேளாங்கண்ணிக்கோ புறப்படும்முன் வாளிகளையும் டிரம்களையும் கவிழ்த்து வையுங்கள். நாயைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவிடம், சோறு வைப்பதோடு தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவவும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் அது இருமுவதாகத் தெரிந்தால், பள்ளி திறக்கும்வரை காத்திராமல் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.