மழைக்கு வற்றல், பனிக்கு மொச்சை

தாம்பரத்துக் குளிர் கம்பளி கேட்கும் குளிர் அல்ல. மார்கழி, தை விடியலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். உடம்பை வாட்டுவது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது ஓய்ந்தால் பனி. குரோம்பேட்டை முதல் வண்டலூர் வரை வீட்டுச் சமையலும் அதற்கேற்ப மாறுகிறது.

மழை நாளில் அடுப்படியைக் காப்பாற்றுவது வற்றல் டப்பாதான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அவ்வளவு போகாவிட்டாலும், தெருவில் தண்ணீர் நின்று காய் வாங்கப் போக முடியாத நாள் வரத்தான் செய்யும். கோடையில் காயவைத்த மணத்தக்காளி, சுண்டைக்காய் வற்றலுக்கு அப்போதுதான் வேலை. நல்லெண்ணெயில் பொரித்து, கெட்டியான புளிக்குழம்பில் போட்டால் மறுநாள் இன்னும் ருசிக்கும். மிளகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலையை வறுத்து அரைக்கும் மிளகுக் குழம்பும் அப்படியே. சுடுசோறும் சுட்ட அப்பளமும் போதும்.

மிளகு ரசத்துக்குப் பருப்பே வேண்டாம். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நாலு பல் பூண்டு; இவற்றை ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். விழுதாக அரைத்தால் ரசம் கலங்கிக் கசக்கும். புளிக்கரைசலின் பச்சை வாசனை போனபின் தட்டியதைச் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் தாளிக்க வேண்டும். தளதளவென்று கொதித்த ரசம் மணம் இழந்த ரசம். முள் நீக்கிய தூதுவளை இலையை நெய்யில் வதக்கி அரைத்துச் சேர்த்தால் தூதுவளை ரசம். மிளகின் காரம் தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவே. அது நோய்க்கு மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை தேவை. 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இருக்கிறது.

மழை விட்டதும் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் பச்சை மொச்சை குவியும். கத்தரிக்காயோடு சேர்த்த மொச்சைக் குழம்பு சுலபமானது; கருவாடு சேர்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை. இரவு ஊறவைத்து, காலையில் தோலைப் பிதுக்கி எடுத்தால் பிதுக்கம் பருப்பு. பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் வெண்ணெய்போல் வேகும். மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு வரும் ஏழுகறிக் கூட்டும் இந்தப் பருவத்துக் காய்களைக் கொண்டதே: மொச்சை, அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி.

காலை உணவுக்கு வெண்பொங்கல். ஒரு பங்கு பச்சரிசிக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு, ஐந்து பங்கு தண்ணீர். குழைய வெந்தபின் மிளகு, சீரகம், இஞ்சி, நெய். ஆறினால் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குவது நல்லது. மாலைக்குச் சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்ட கருப்பட்டிக் காபி. தொட்டுக்கொள்ள மஞ்சள், உப்பு போட்டு அவித்த பனங்கிழங்கு. மாசி பிறந்தால் மொச்சை வரத்து குறையும், பனங்கிழங்கும் முற்றி நாராகிவிடும்.