மலைச்சரிவில் ஒரு சிறு வீடு

நம் சங்க அன்பர் ஒருவர், முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர், முல்ஷி ஏரிக்கு அப்பால் மலைச்சரிவில் ஐந்து குண்டா நிலம் வாங்கியிருக்கிறார். சேமநிதிப் பணத்தின் பெரும்பகுதி அதில் சென்றுவிட்டது. விடுமுறை நாட்களில் பேரப்பிள்ளைகளோடு தங்க இரண்டு அறைகள். அவ்வளவே அவர் ஆசை. காண்டிராக்டர் தந்த வரைபடத்தை என்னிடம் கொணர்ந்தார். சரிவைப் பத்தடி வெட்டிச் சமனாக்கி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டி, அதன்மேல் முற்றம் அமைப்பதாகத் திட்டம். அன்பர் தஞ்சாவூர்க்காரர். நிலம் என்றால் மட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆயினும் இது காவிரிக்கரை அன்று. புனே நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லோணாவளாவில் 4,000க்கும் மேல். நான்கே மாதங்களில் அத்தனையும் கொட்டித் தீர்க்கிறது. அடியில் கருங்கற்பாறை, அதன்மேல் இங்குள்ளோர் முரூம் என்று சொல்லும் சரளை, அதற்கும் மேல் மெல்லிய மண். வெட்டிக் கொட்டிய மண் பாறையைப் பற்றிக்கொள்வதில்லை. நீர் ஊறினால் நழுவும். இதே புனே மாவட்டத்தில், ஆம்பேகாவ் வட்டத்து மாளீண் கிராமம் 2014ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் காலையில் மண்ணுக்குள் புதைந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டனர். பெருமழையோடு, சரிவைச் சமன்படுத்தியதையும் ஆராய்ந்தவர்கள் ஒரு காரணமாகச் சுட்டினார்கள். அன்பர் இதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை.

அவருக்கு லாரி பேக்கரின் இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவையே தாயகமாக்கிக்கொண்ட இந்தக் கட்டடக் கலைஞர், போர்க்காலத்தில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டப்படவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் முழுதும் போற்றினார். திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் அவர் தமக்கென அமைத்த இல்லம் செங்குத்தான பாறைச்சரிவில் உள்ளது. குன்றை அவர் மட்டமாக்கவில்லை. அதன் ஏற்ற இறக்கத்துக்கேற்ப வீட்டை வைத்தார். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டையும் பரப்பியவர் அவரே. அதனால் செங்கல்லில் ஏறத்தாழக் கால்பங்கு மிச்சம். வெயிலும் எளிதில் உள்ளே இறங்காது.

நாங்கள் இருவரும் புதிதாகக் கோடு போட்டோம். வீடு சரிவின் குறுக்கே நீண்டிருக்கும். அஸ்திவாரம் முரூமைக் கடந்து பாறையில் அமரும். வீட்டுக்கு மேற்புறம் ஒரு வடிகால், வரும் வெள்ளத்தை இருபுறமும் திருப்பிவிடும். தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் உண்டு. இவற்றை அடைத்துப் பூசிவிடும் கொத்தனார்களை நான் கண்டிருக்கிறேன்! மழைக்காற்று மேற்கிலிருந்து வருவதால் அப்பக்கம் கூரை தாழ்ந்தும் ஜன்னல் குறைந்தும் இருக்கும்.

இத்தனை மழை பெய்யும் ஊரில் சித்திரையில் குடிநீருக்கு லாரி வருவது விந்தைதான். பாறை நீரைத் தேக்குவதில்லை. அறுநூறு சதுர அடிக் கூரையில், 3,000 மில்லிமீட்டர் மழை என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 1,60,000 லிட்டருக்கு மேல் விழும். தேவையோ சிறிது. நால்வர், மாதம் இருமுறை, இரண்டிரண்டு நாள், ஆளுக்கு நூறு லிட்டர் என்றால் வறண்ட எட்டு மாதங்களுக்கு 12,800 லிட்டர். பதினையாயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று போதும்.

எல்லாம் கேட்ட அன்பரின் துணைவியார், “படிகள் எத்தனை?” என்றார். நாங்கள் இருவரும் விழித்தோம். அம்மையாருக்கு முழங்கால் வலி. வரைபடத்தை மறுபடி திருத்தினோம். சமையலறை, படுக்கையறை, குளியலறை மூன்றும் ஒரே மட்டத்தில். பிள்ளைகளின் அறை மட்டும் ஐந்து படி கீழே.

ஆடி மழை வலுத்ததும் குடையோடு அங்கே சென்று, நீர் ஓடும் வழிகளில் முளையடித்து வருவதாக இருக்கிறோம். காண்டிராக்டரிடம் கொடுத்த முன்பணம் திரும்புமா என்பது வேறு விஷயம்.